பிளஸ் டூ வணிகவியல்: பரீட்சைக்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

அரையாண்டு முடிந்து திருப்புதல் தேர்வு தொடங்கினால் போதும், சாயங்கால வகுப்பில் பாடம் நடத்துவதைவிடச் சந்தேகம் தீர்ப்பதற்குத்தான் எனக்கு நேரம் சரியாக இருக்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அடிக்கடி வருபவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். இது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் எழுதுபவர்களுக்கானது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு வினாத்தாள் அமைப்பே வேறு, அவர்களுக்கு இதில் பாதிதான் பயன்படும்.

சார், பேப்பர் எப்படி இருக்கும்? மொத்தம் எத்தனை கேள்வி?

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. முதல் பகுதியில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள், இதில் சாய்ஸ் கிடையாது. இரண்டாம் பகுதியில் 21 முதல் 30 வரை பத்துக் கேள்வி, ஏழு எழுதினால் போதும், தலா 2 மதிப்பெண். மூன்றாம் பகுதியில் 31 முதல் 40 வரை, அதிலும் ஏழு, தலா 3. இந்த இரண்டு பகுதியிலும் கடைசிக் கேள்வி, அதாவது 30-ம் 40-ம், கட்டாயம் எழுத வேண்டியவை. நான்காம் பகுதி 41 முதல் 47 வரை ஏழு கேள்வி, ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ), தலா 5.

கூட்டிப் பாருங்கள்: 20, 14, 21, 35. ஐந்து மதிப்பெண் பகுதிதான் பெரியது என்று எல்லோரும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். முதல் மூன்று பகுதியும் சேர்ந்து 55 என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புத்தகத்துல 28 பாடம் இருக்கு. எதை விட்டாலும் பரவாயில்ல?

இதற்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. சாய்ஸ் எல்லாம் சேர்த்து வினாத்தாளில் அச்சாகி வருபவை 20 + 10 + 10 + 14 = 54 கேள்விகள். பாடங்கள் 28. சராசரியாகப் பாடத்துக்கு இரண்டு கேள்வி. ஆகவே ஒன்றிரண்டு பாடம் கை நழுவினால் சாய்ஸ் காப்பாற்றும், எட்டுப் பத்துப் பாடத்தை மொத்தமாக ஒதுக்கினால் காப்பாற்றாது.

விடுவதைவிடக் கொத்தாகப் படிப்பது நல்லது. நிதிச் சந்தை, மூலதனச் சந்தை, பணச் சந்தை, பங்கு மாற்றகம், செபி (பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வாரியம்) ஆகிய ஐந்தும் ஒரே கதையின் தொடர்ச்சி. ஒரே வாரத்தில் படித்தால் ஒன்று இன்னொன்றை நினைவில் நிறுத்தும். மனிதவளப் பாடங்களும் அப்படித்தான்: ஆள் சேர்ப்பது, தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது என்று வரிசையாகப் போகும். நுகர்வோர் பாடங்கள் மூன்றும் சுலபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சரக்கு விற்பனைச் சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டம், நிறுமச் (கம்பெனி) சட்டம் மூன்றையும் பார்த்து எல்லோரும் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் மதிப்பெண் உறுதியாக வருவது அங்கேதான், ஏனென்றால் சட்டத்தில் விடை இதுதான் என்று தெளிவாக இருக்கும், மழுப்ப இடமில்லை.

ப்ளூபிரிண்ட் இருக்குன்னு ஃபிரெண்டு சொல்றான். எங்க கிடைக்கும்?

எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூபிரிண்ட் இந்தப் பாடத்திட்டத்துக்குக் கிடையாது. பாடத்துக்கு 200 என்று மொத்தம் 1200 இருந்த பழைய காலத்து வழக்கம் அது. இப்போது ப்ளூபிரிண்ட் என்ற பெயரில் சுற்றுபவை யாரோ பழைய வினாத்தாள்களைப் பார்த்துப் போட்ட உத்தேசக் கணக்கு. அதே வேலையை நீங்களே செய்யலாம்: முந்தைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள் நான்கைந்தை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் பாட எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு மாலை வேலை. அந்தக் குறிப்பு கடன் வாங்கிய ப்ளூபிரிண்டைவிட உங்கள் மண்டையில் நிற்கும்.

படிக்கும்போது எல்லாம் புரியுது. எழுத உட்கார்ந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஏன்?

வணிகவியலின் பெரிய ஏமாற்றே இதுதான். புத்தகம் சுலபமான தமிழில் இருக்கிறது, வாசித்தால் கதை மாதிரி ஓடுகிறது, "இது தெரிஞ்சதுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கண்ணுக்கு முன்னால் இருப்பதை அடையாளம் கண்டுகொள்வது ஒன்று, கண்ணெதிரே இல்லாததை நினைவிலிருந்து எடுப்பது இன்னொன்று. பரீட்சை இரண்டாவதைக் கேட்கிறது, நாம் முதலாவதைப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது: ஒரு கேள்வியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ரஃப் தாளில் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள். முழு விடை வேண்டாம். ஐந்து தலைப்பில் மூன்றுதான் வந்தது என்றால் விட்டுப்போன இரண்டை மட்டும் திரும்பப் பாருங்கள். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி எழுதுங்கள், அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வரிக்கு வரி கலர் பேனாவில் கோடு போடுவதெல்லாம் கைக்கு வேலை, மூளைக்கு இல்லை.

கைடு வாங்கிட்டேன், அதைப் படிச்சா போதுமா? புக் எடுக்கவே இல்ல.

விடைகளின் அமைப்பைப் பார்க்கக் கைடு உதவும், தப்பில்லை. ஆனால் விடைக்குறிப்பு பாடப்புத்தகத்தை ஒட்டித்தான் தயாராகிறது. கைடு போட்டவர் தன் வசதிக்காக வாக்கியத்தைச் சுருக்கியிருப்பார், சில இடத்தில் ஊதிப் பெருக்கியிருப்பார். தலைப்புகளைப் புத்தகத்தில் இருக்கிற பெயரிலேயே எழுதுங்கள், அதற்குக் கீழே விளக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் இருக்கலாம். புத்தகத்தின் உள்பக்கங்களைப் புரட்டாதவர்கள் எங்கே மாட்டுவார்கள் என்பது அடுத்த கேள்வியில்.

ஒன் மார்க் எல்லாம் புக் பேக்தானே சார்? உள்ளே இருந்து எடுப்பாங்களா?

எடுப்பார்கள். புக் பேக், அதாவது பாடத்தின் முடிவில் உள்ள கேள்விகள், முழுவதும் சுத்தமாகத் தெரிந்திருக்க வேண்டும், அது அடிப்படை. அதற்கு மேல் ஆண்டு, எண்ணிக்கை, பெயர் ஆகிய மூன்றையும் உள்ளே தேடிப் பிடிக்க வேண்டும். வரிசையாகப் பட்டியல் போடாதீர்கள். குழப்பக்கூடியவற்றை ஜோடி ஜோடியாக எழுதுங்கள், ஏனென்றால் தவறான விடைகளில் ஒன்றாக அந்த ஜோடியைத்தான் வைப்பார்கள்.

சில ஜோடிகளைச் சொல்கிறேன். செபி அமைக்கப்பட்டது 1988 ஏப்ரல் 12, சட்டப்பூர்வ அதிகாரம் பெற்றது 1992 ஜனவரி 30. "செபி எப்போது தொடங்கப்பட்டது" என்று கேட்டால் ஒரு விடை, "சட்டபூர்வ அமைப்பு" என்று கேட்டால் வேறு விடை. உலக நுகர்வோர் உரிமை நாள் மார்ச் 15, தேசிய நுகர்வோர் நாள் டிசம்பர் 24. முதலாவது கென்னடி 1962-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியின் நாள், இரண்டாவது 1986-ல் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த நாள். காரணம் தெரிந்தால் தேதி மாறாது. தனியார் நிறுமத்துக்குக் குறைந்தது 2 உறுப்பினர், அதிகபட்சம் 200. பொது நிறுமத்துக்குக் குறைந்தது 7, உச்சவரம்பு இல்லை. இயக்குநர்கள் என்றால் தனியாருக்கு 2, பொதுவுக்கு 3. உறுப்பினர் எண்ணிக்கையையும் இயக்குநர் எண்ணிக்கையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கருவூல இரசீதுகளின் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) காலம் 91, 182, 364 நாள். கடைசி எண்ணை 365 என்று எழுதக் கை துடிக்கும்.

ஒன் மார்க்குக்கு அ, ஆ, இ, ஈ மட்டும் போட்டா போதாதா?

போதாது. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே அச்சடித்திருக்கும். இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் பூஜ்யம். விடை சரியாகத் தெரிந்தும், அவசரத்தில் (இ)-க்குப் பதில் (ஆ) என்று எழுதி மதிப்பெண்ணை விட்டவர்கள் நிறைய. இருபதும் எழுதி முடித்ததும் குறியீடுகளை மட்டும் ஒரு முறை விரல் வைத்துச் சரிபாருங்கள். தெரியாத கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

ஃபயோலோட 14 மேலாண்மைத் தத்துவமும் மனப்பாடம் ஆகவே மாட்டேங்குது.

பதினான்கையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் ஏதாவது ஐந்தை விளக்கச் சொல்வார்கள். ஏழை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி ஏழின் பெயரும் ஒரு வரிப் பொருளும் ஒரு மதிப்பெண்ணுக்காகத் தெரிந்தால் போதும்.

எந்த ஏழு? ஆளோடு சம்பந்தப்பட்டவை (ஊதியம், சமத்துவம், பணியில் நிலைத்திருத்தல், குழு உணர்வு), அதிகாரத்தோடு சம்பந்தப்பட்டவை (அதிகாரமும் பொறுப்பும், ஒரே தலைவரின் கட்டளை, மேலிருந்து கீழ் வரும் படிநிலைத் தொடர்) என்று பிரித்துக்கொண்டால் தானாக வரிசை கிடைக்கும். கட்டளை ஒருமையையும் இயக்குதல் ஒருமையையும் மட்டும் குழப்பாதீர்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும் என்பது முதலாவது. ஒரே நோக்கத்துக்காக வேலை செய்யும் குழுவுக்கு ஒரே திட்டம், ஒரே தலைவர் என்பது இரண்டாவது. முதலாவது தனி ஆளைப் பற்றியது, இரண்டாவது குழுவைப் பற்றியது.

ரெண்டு மார்க்குக்கு எவ்வளவு எழுதணும்? மூணு மார்க்குக்கு?

இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. உதாரணமாக, "கலைமான் வணிகர் என்பவர் யார்?" என்று கேட்டால், "புதிதாக வெளியிடப்படும் பங்குகளுக்கு விண்ணப்பித்து, ஒதுக்கீடு கிடைத்து விலை ஏறியதும் லாபத்துக்கு விற்றுவிடும் ஊக வணிகர் கலைமான் வணிகர் எனப்படுவார். பங்குகளைத் தொடர்ந்து வைத்திருப்பது இவர் நோக்கமன்று." முடிந்தது. அதற்குப் பிறகு மற்ற ஊக வணிகர்களான காளை, கரடி, முடவாத்து எல்லோரையும் மேய்த்துக்கொண்டு வந்து பக்கத்தை நிரப்ப வேண்டாம், அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்று மதிப்பெண்ணுக்கு மூன்று குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். "என்றால் என்ன" என்று கேட்டால் இலக்கணம், "வகைகள் யாவை" என்றால் பட்டியல், "விளக்குக" என்றால் பட்டியலோடு விளக்கம். கேள்வியின் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

வேறுபாடு கேட்டா டேபிள் போட்டே ஆகணுமா?

போடுங்கள். திருத்துபவருக்கும் வசதி, உங்களுக்கும் நேரம் மிச்சம். இரண்டு கட்டமல்ல, மூன்று கட்டம்: முதல் கட்டத்தில் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்ற அடிப்படை. அது இல்லாமல் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் சம்பந்தமில்லாத வேறொன்றும் எழுதினால் அது வேறுபாடே ஆகாது.

சரக்கு விற்பனைச் சட்டத்தில் நிபந்தனைக்கும் நம்புறுதிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். முக்கியத்துவம்: நிபந்தனை ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கே அடிப்படை, நம்புறுதி அந்த நோக்கத்துக்குத் துணை மட்டும். மீறினால்: நிபந்தனையை மீறினால் வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், நம்புறுதியை மீறினால் இழப்பீடு கேட்கலாம், சரக்கைத் திருப்பித் தள்ள முடியாது. மாற்றிக் கருதுதல்: நிபந்தனை மீறலை நம்புறுதி மீறலாக எடுத்துக்கொள்ளலாம், தலைகீழாக முடியாது. மூன்று வரிசை, மூன்று மதிப்பெண். ஐந்துக்குக் கேட்டால் பொருளையும் ஓர் உதாரணத்தையும் சேருங்கள்: கிணற்று நீர் இறைக்க என்று சொல்லி வாங்கிய மோட்டார் தண்ணீரையே இழுக்கவில்லை என்றால் அது நிபந்தனை. நன்றாக இறைக்கிறது, ஆனால் விற்றவர் சொன்னதைவிடச் சத்தம் கூடுதல் என்றால் அது நம்புறுதி.

என் பொண்ணு அஞ்சு மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதறா. ஆனா மார்க் மூணுதான் வருது. என்ன காரணம்?

பக்கம் அதிகம், குறிப்பு குறைவு. பெரும்பாலும் இதுதான். முதல் பக்கம் முழுக்க முன்னுரை, அதில் வந்ததே இரண்டாம் பக்கத்தில் வேறு வார்த்தையில் மறுபடி, கடைசியில் முடிவுரை. வணிகவியல் விடைக்கு முன்னுரை ஓர் இரண்டு வரி, அதாவது கேட்ட விஷயத்தின் இலக்கணம். முடிவுரை தேவையே இல்லை. நடுவில் ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இரண்டு மூன்று வரி. ஒன்றே கால் பக்கம், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

தலைப்பைத் தனி வரியில் எழுதி, எழுதும் பேனாவாலேயே அடிக்கோடிடச் சொல்லுங்கள். நீலம் அல்லது கருப்பு மைதான், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வேண்டாம். திருத்துபவர் கையில் கட்டுக்கட்டாகத் தாள் இருக்கும், தலைப்பைத் தேட வைத்தால் அவருக்கும் பொறுமை எவ்வளவுதான் இருக்கும்.

மூணு மணி நேரம் பத்தவே மாட்டேங்குது. கடைசி ரெண்டு கேள்வி எப்பவும் விட்டுப்போகுது.

முந்தைய பதிலில் சொன்ன மூன்று பக்க வியாதி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதுவும் இல்லை, ஆனாலும் விட்டுப்போகிறது என்றால் நேரப் பங்கீடுதான் கோளாறு. 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15, இரண்டு மதிப்பெண் ஏழுக்கும் 28, மூன்று மதிப்பெண் ஏழுக்கும் 40, ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேள்விக்கு 12 வீதம் 84. மொத்தம் 167. மீதி 13 நிமிடம் சரிபார்க்க, நூல் கட்ட, எண்களைப் பார்க்க.

10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தால் முதல் பத்து நிமிடம் வாசிக்க மட்டும், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்குத்தான் எழுதத் தொடங்குவீர்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்துச் சிரிப்பதற்குச் செலவழிக்காமல், 41 முதல் 47 வரை (அ)-வா (ஆ)-வா என்று அப்போதே மனதுக்குள் முடிவுசெய்துவிடுங்கள். எழுதும்போது "இதுவா அதுவா" என்று யோசித்து நிற்பதுதான் நேரத்தைத் தின்கிறது. பாதி எழுதிவிட்டு அடித்து, மற்றதைத் தொடங்குவது அதைவிட மோசம். நேரம் உண்மையிலேயே தீர்ந்துபோனால் கடைசிக் கேள்விக்கு ஐந்து தலைப்புகளையாவது எழுதிவிட்டு வாருங்கள், வெற்றுத் தாளுக்கு யாராலும் மதிப்பெண் போட முடியாது.

முதல்ல அஞ்சு மார்க் எழுதிட்டு அப்புறம் ஒன் மார்க் எழுதலாமா?

எழுதலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு குறைவு. ஒரு மதிப்பெண் இருபதும் கை சூடேற நல்ல வழி, பதற்றமும் அடங்கும். பதற்றத்தில் கடைசியில் எழுதினால்தான் மேலே சொன்ன குறியீட்டுக் கோளாறு வரும். எந்த வரிசையில் எழுதினாலும் ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். 23, 45, 31, மறுபடி 27 என்று தாவினால் ஏதோ ஒன்று எண்ணிக்கையில் விட்டுப்போகும். 41 (அ) என்று கேள்வி எண்ணோடு எழுத்தையும் மார்ஜினில் தெளிவாகப் போடுங்கள்.

கம்பல்சரி கேள்வி தெரியலைன்னா அதுக்குப் பதிலா வேற ஒண்ணு எழுதலாமா?

அதற்குப் பதிலாக என்பது கிடையாது. ஏழு என்பது கட்டாயக் கேள்வியையும் சேர்த்துத்தான். 30-ஐ விட்டுவிட்டு மற்ற ஏழை எழுதினால் ஆறுதான் கணக்கில் வரும், 14-க்கு 12-க்கு மேல் போகாது. ஆகவே தெரிந்த அளவுக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

கட்டாயக் கேள்வி பெரும்பாலும் புக் பேக்கில் நேரடியாக இருக்காது. உள்ளேயிருந்து எடுத்ததாகவோ கொஞ்சம் யோசித்து எழுத வேண்டியதாகவோ இருக்கும். புத்தகத்தை விட்டுக் கைடை மட்டும் பிடித்தவர்கள் இங்கேயும் மாட்டுவார்கள்.

கதை மாதிரி ஒரு சூழ்நிலை கொடுத்து கேட்டா என்ன பண்றது?

பயப்பட ஒன்றுமில்லை, அதில் விடை பாதி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஜவுளி ஆலையில் மேற்பார்வையாளருக்கு உற்பத்தி மேலாளர் "இன்று இரவுக்குள் லோடு அனுப்பு" என்கிறார், தர மேலாளர் "சோதனை முடியாமல் ஒரு பீஸ் வெளியே போகக் கூடாது" என்கிறார். எந்தத் தத்துவம் மீறப்பட்டது?

மூன்று படியில் எழுதுங்கள். முதலில் பெயர்: கட்டளை ஒருமை. அடுத்து அதன் பொருள், ஒரே வாக்கியத்தில். பிறகு கேள்வியில் இருந்து ஆதாரம்: ஒரே பணியாளருக்கு இரண்டு மேலாளர்களிடமிருந்து முரணான உத்தரவு வந்திருக்கிறது. பெரும்பாலோர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது படிதான் நீங்கள் ஒப்பிக்கவில்லை, புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று காட்டுவது.

நான் தமிழ் மீடியம். சில கலைச்சொல் மறந்துட்டா இங்கிலீஷ்ல எழுதலாமா?

வினாத்தாளில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கேள்வி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். தமிழ்க் கேள்வி பிடிபடவில்லை என்றால் கீழே ஆங்கிலத்தைப் பாருங்கள், "டிமேட்" என்றோ "புல்" (Bull, காளை வணிகர்) என்றோ கண்ணில் பட்டால் பளிச்சென்று புரிந்துவிடும். எழுதும்போது ஒரு சொல் வரவில்லை என்பதற்காகக் கேள்வியையே விட வேண்டாம், அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்திலோ ஆங்கில உச்சரிப்பைத் தமிழிலோ எழுதிவிட்டு விளக்கத்தைத் தமிழில் கொடுங்கள். ஆனால் வாக்கியமே பாதி இது பாதி அது என்று போகக் கூடாது.

புக்ல ஒண்ணு போட்டிருக்கு, நெட்ல வேற போட்டிருக்கு. எதை எழுதறது?

நுகர்வோர் குறைதீர்ப்புப் பாடத்தில்தான் இது அதிகம் வரும். 1986 சட்டத்தின்படி மாவட்ட அளவில் 20 லட்சம் வரை, மாநில அளவில் 1 கோடி வரை, அதற்கு மேல் தேசிய அளவில். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டத்தில் இது 1 கோடி, 10 கோடி என்று உயர்ந்தது. பிறகு 2021 டிசம்பரில் வந்த விதிகளில் 50 லட்சம், 2 கோடி என்று குறைத்துவிட்டார்கள். இணையத்தில் மூன்றும் கலந்து கிடக்கிறது, பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்.

உங்கள் ஆண்டுக்கு அச்சான புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள். அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கிறீர்கள் என்றால், வகுப்பில் யாரிடமாவது புதுப் பதிப்பை வாங்கி சட்டப் பாடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஐந்து மதிப்பெண் விடையில் இடமிருந்தால், "பின்னர் இந்த வரம்பு திருத்தப்பட்டுள்ளது" என்று ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை. ஒரு மதிப்பெண்ணில் அந்த வேலை வேண்டாம்.

கணக்குப்பதிவியலுக்கே நேரம் சரியா போகுது. வணிகவியலை லீவ்ல பார்த்துக்கலாம்தானே?

தேர்வுக்கு நடுவே கிடைக்கும் விடுமுறை திருப்பிப் பார்க்கத்தான் பத்தும், முதல் முறை படிக்கப் பத்தாது. 28 பாடத்தை இரண்டு மூன்று நாளில் முதன்முதலாகத் திறந்தால் மலைப்பாகத்தான் இருக்கும். தினமும் கணக்குப் போட்டு அலுத்த பிறகு அரை மணி நேரம் வணிகவியல் ஒரு மதிப்பெண்ணும் இரண்டு மதிப்பெண்ணும் பாருங்கள். கணக்குக்கு உட்கார்ந்த இடத்தில் தாள், பேனா, அமைதி எல்லாம் வேண்டும். வணிகவியலின் சிறு கேள்விகளைப் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்க்கலாம்.

முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல "முக்கிய வினாக்கள்" வருது. படிக்கலாமா?

திறக்காதீர்கள். அதில் பத்தில் எட்டு உங்களுக்குத் தெரிந்த கேள்வியாகத்தான் இருக்கும், தெரியாத இரண்டு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். முந்தின இரவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எழுதி வைத்த ஜோடிப் பட்டியலையும் ஐந்து மதிப்பெண் தலைப்புகளையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்து வைப்பது.

எனக்கு பாஸ் ஆனா போதும். என்ன படிக்கணும்?

அகமதிப்பீட்டு 10 மதிப்பெண்ணை நம்பிக் கணக்குப் போடாமல், எழுத்துத் தேர்விலேயே 35-ஐக் குறிவையுங்கள். புக் பேக் ஒரு மதிப்பெண் முழுவதும், இரண்டு மதிப்பெண்ணில் இலக்கணங்கள், வேறுபாட்டு அட்டவணை ஐந்தாறு, ஐந்து மதிப்பெண்ணில் மேலாண்மைத் தத்துவங்கள், செபியின் பணிகள், நுகர்வோர் உரிமைகள் மாதிரி பெரிய கேள்விகள் பத்து. பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி பள்ளியில் கிடைத்தால் அதுவே போதும். எதையும் வெற்றாக விடாதீர்கள், அவ்வளவுதான்.

தியரி பாடத்துல சென்டம் கிடைக்குமா?

கிடைக்கிறது, ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். 90-க்கு மேல் வாங்குபவர்களுக்குப் பாடம் தெரியாமல் மதிப்பெண் போவதில்லை. உள்ளேயிருந்து வரும் ஒரு மதிப்பெண்ணில் ஒன்று, கட்டாயக் கேள்வியில் ஒன்று, ஐந்து மதிப்பெண்ணில் ஒரு தலைப்பைப் புத்தகப் பெயரில் எழுதாததால் அரையோ ஒன்றோ என்று கசியும். திருப்புதல் தேர்வுத் தாள்களைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மூன்று தாளிலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை இருக்கும், பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

ரிசல்ட் வந்துடுச்சு, எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கம்மி. ரீவேல்யூவேஷன் போடலாமா?

நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் தேதிக்குள் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் கைக்கு வந்த பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்து விண்ணப்பிக்கலாம். அந்த அவகாசம் குறைவாகவே இருக்கும், செய்தி வந்த அன்றே பள்ளியில் விசாரித்துவிடுங்கள்.

நகலை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரிடம் போங்கள், வீட்டிலேயே வைத்துக் கோபப்படாதீர்கள். கூட்டலில் பிழையா, ஏதாவது பக்கம் திருத்தாமல் விட்டிருக்கிறதா, அல்லது நாம் எழுதியதே அவ்வளவுதானா என்று அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். முதலாவது என்றால் மறுகூட்டல், இரண்டாவது என்றால் மறுமதிப்பீடு. மூன்றாவது என்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், கல்லூரி விண்ணப்ப வேலையைப் பாருங்கள்.